கடைசி இழுப்பு

குமிழி இன்னும் நிற்கவில்லை. சமையலறை மேடையில், நீல பிளாஸ்டிக் பேசினில் கத்தி தீட்டுகிற கற்கள் இரண்டும் முழுகிக் கிடந்தன. வெள்ளைக் கல் குடித்து முடித்துச் சாதுவாகக் கிடக்க, செங்கல் நிறத்துச் சொரசொரப்புக் கல்லிலிருந்து மட்டும் ஒவ்வொன்றாகக் குமிழி கிளம்பி மேலே வந்து உடைந்துகொண்டிருந்தது. அது நிற்கிற வரைக்கும் கல்லைத் தொடக்கூடாது. குடிக்க வேண்டியதைக் குடித்து முடிக்கட்டும். சென்னியப்பனுக்கு அவசரம் இல்லை. அவசரம் என்ன அவசரம், கொஞ்ச காலமாக அவருக்கு எதுவுமே இல்லை. பசி இல்லை, கோபம் இல்லை, கிரிக்கெட்டில் எவன் ஜெயித்தாலும் சரிதான். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன், தன்னைப் பற்றி அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: உள்ளே ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, மோட்டார் மட்டும் எடுக்கவில்லை. இதற்கு யாரிடம் போய்க் கம்ப்ளெயின்ட் கொடுப்பது? ஊரெல்லாம் இவரிடம்தான் வந்து கொடுத்துக்கொண்டிருந்தது. ஹாலில் பெண்டாட்டி துளசிமணி வாழைத்தண்டின் மேல்மட்டையை உரிக்கிற சத்தம் கேட்டது, பரக், பரக் என்று. வெட்டிப் பாக்கெட்டில் போட்ட காயாகப் பார்த்துப் பார்த்து இவர் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்க, இன்றைக்குக் காலையில் அவளே லிஃப்டில் கீழே போய், தள்ளுவண்டிக்காரரிடம் முழுத் தண்டாக ஒன்று வாங்கிவந்துவிட்டாள். கத்தியை இன்றைக்கு நல்லாத் தீட்டிக் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் உரிக்கவே உட்கார்ந்தாள். போயும் போயும் தண்டு. கத்தரிக்காய் என்றால் எப்படி வெட்டினாலும் குழம்பில் போய்க் கரைந்துவிடும். தண்டுக்குக் கத்தி கத்தியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வில்லை விழாது, நார் நாராகக் கிழியும்.

விஷயம் இதுதான், ஒளிப்பானேன். தைப்பொங்கல் கழிந்ததிலிருந்து இந்த வீட்டுக் கத்திகளைச் சென்னியப்பன் மழுக்கிக்கொண்டிருந்தார். தீட்டுகிற மாதிரிதான் எல்லாம் நடக்கும். கல் ஊறும், அடியில் ஈரத்துணி விரியும், சர்ரு சர்ரு என்று சத்தம் ஹால் வரைக்கும் கேட்கும், சேறு வழியும். கத்தி பளபளவென்று வந்த பிறகு, அதன் வாயை நேர்க்குத்தாகக் கல்லின் மூலையில் நிறுத்தி, கல்லையே அறுக்கப்போகிறவர் மாதிரி ஒரே ஒரு இழுப்பு. கர்ர். அவ்வளவுதான், பார்த்த வேலை முழுக்க அந்த ஒரு இழுப்பில் போய்விடும். பார்வைக்கு மின்னும், தக்காளியில் வைத்தால் தோல்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். தீட்டாமலே விட்டாலும் தானாக மழுங்கிவிடாதா என்றால், விட்டால் துளசிமணி கேட்பாளே. அவளுக்காகத்தானே இத்தனை கூத்தும். அவளுடைய வலது கை ஆடுகிறது. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது மடியில் கிடக்கிற கை, தன்பாட்டுக்கு எள்ளுருண்டை பிடிக்கிற மாதிரி உருட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கையில் ஜப்பான் கல்லில் தீட்டின கத்தியைக் கொடுக்க எந்தப் புருஷனுக்குத் துணிச்சல் வரும்? இவருக்கு வரவில்லை. இனிமேல் நீ காய் அரியாதே என்று நேருக்கு நேர் சொல்லவும் வரவில்லை. காய் அரிவதில் அவளுக்கு ஒரு கெத்து உண்டு. விசேஷ வீடுகளில் தண்டைக் கொண்டுவந்தால் மற்ற பொம்பளைகள், துளசிகிட்டத் தள்ளுங்க என்றுதான் சொல்வார்கள். வில்லை வில்லையாக அரிந்து, ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் வருகிற நாரை இடது ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போவாள். கடைசியில் விரல் நிறைய வெள்ளை நூல் சுற்றினது போல இருக்கும். அதைப் போய் எப்படி வேண்டாமென்று சொல்வது? சொல்லாமல் கத்தியை மழுக்கினார். அது பேடித்தனம்தான், அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

கல் இந்த வீட்டுக்கு வந்ததே ஒரு கூத்து. மகன் தினகர் யோகோஹாமாவில் வேலையில் இருக்கிறான். லீவுக்கு வரும்போது அம்மாவுக்கு அங்கத்திய கத்தி ஒன்று வாங்கிவருவதாகச் சொல்ல, இவள் போனிலேயே பதறிவிட்டாள். கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துபோகுமாம், அதெல்லாம் வேண்டவே வேண்டாம் சாமி என்றாள். கத்தி விஷயத்தில் அவள் அப்படித்தான். கைக்குக் கை கத்தி வாங்கவே மாட்டாள், வாங்கினால் சண்டை வருமாம். மேடையில் வைக்கச் சொல்வாள், வைத்தவர் ஒரு எட்டு விலகின பிறகுதான் எடுப்பாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தரம்கூடத் தப்பினதில்லை. அத்தனை ஜாக்கிரதையாக இருந்தும் சண்டைக்கு ஒன்றும் இந்த வீட்டில் குறைச்சல் இருந்ததில்லை, அது வேறு. கடைசியில் பையன் கத்திக்குப் பதிலாகக் கத்தி தீட்டுகிற கல் இரண்டைக் கொண்டுவந்து இறக்கினான். பெற்ற தாய்க்குச் சீமையிலிருந்து கல்லைச் சுமந்துவந்த பிள்ளை என்று ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் சிரித்தார்கள். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவள் அரிவாள்மணை, கத்தரி, தையல் மெஷின், ஸ்கூட்டர் எல்லாவற்றோடும் இந்தக் கல்லையும் சேர்த்து வைத்துச் சந்தனம் தடவிக் குங்குமம் இட்டாள். நம்ம ஊர்ச் சாணைக்கல்லாக இருந்தால் ஈரத்துணியில் துடைத்தால் போயிருக்கும். இது தண்ணீர் குடிக்கிற கல் இல்லையா, குங்குமத்தையும் சேர்த்துக் குடித்துவிட்டது. வெள்ளைக் கல்லின் வலது மூலையில் சிவப்பாக அது அப்படியே உள்ளே தங்கிவிட்டது. அதைத் தேய்க்க மனசு வராமல் அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டுத் தீட்டுவார். அதனால் கல்லின் நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்து மூலை மட்டும் மேடாக நின்றது. மழுக்குவதற்குத் தோதான இடமும் அதுதான் என்று ஆகிவிட்டது. குங்குமத்தின் மேலேயே இழுத்தார். முதல் தடவை இழுத்தபோது நெஞ்சு திக்கென்றது. அப்புறம் அந்தத் திக்கும் நின்றுபோய்விட்டது.

குமிழி நின்றிருந்தது. செங்கல் கல்லை எடுத்து ஈரத்துணியின்மேல் வைத்தார். கத்தியைப் படுக்கவைத்து, முதுகை இரண்டு ஒற்றை ரூபாய் நாணயம் செருகுகிற உயரத்துக்குத் தூக்கிக்கொண்டார். சர்ரு. தள்ளும்போது லேசாக, இழுக்கும்போது கொஞ்சம் அழுத்தி. சர்ரு, சர்ரு. சாம்பல் நிறத்தில் சேறு கசிந்தது. ஆரம்பத்தில் அதை அழுக்கென்று நினைத்துக் கழுவிக் கழுவி விட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சேறுதான் தீட்டுகிறது அப்பா, கழுவாதீங்க என்று தினகர் சொல்லித்தான் தெரியும். விரலெல்லாம் சேறு. தண்ணீரில் ஊறி நுனி வெளுத்துச் சுருங்கிய விரல்கள், யாருடைய விரல்களோ போலக் கத்தியின்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பொங்கலுக்கு முந்தி கையைக் காட்டப் போன அன்றைக்கு டாக்டர் அவளை விரலையும் கட்டைவிரலையும் சேர்த்துத் தட்டிக் காட்டச் சொன்னார். அவளும் தட்டினாள். கதவு வரைக்கும் நடந்துபோய்த் திரும்பிவரச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நடந்துபோய்த் திரும்பி வந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டுதான் நடந்தாள், பாவம். அப்புறம் டாக்டர் அந்தப் பெயரைச் சொன்னார். பார்க்கின்சன். பழைய காலத்து வெள்ளைக்காரக் கலெக்டர் பெயர் மாதிரி இருந்தது, ஊட்டியில் அப்படி ஒரு பங்களாகூட இருக்கலாம். மேஜைமேல் மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த பேனா ஸ்டாண்டு. அதில் பேனாக்கள், ஒரு பேனாவுக்கு மூடி இல்லை. மூடி எங்கே போயிருக்கும்? மேஜைக்கு அடியில் உருண்டிருக்குமா, வேறு பேனாவில் மாட்டியிருக்குமா? டாக்டர் நெடுநேரம் பேசினார். மாத்திரை என்றார், நடுக்கம் என்றார், பயப்படாதீங்க என்றார். துளசிமணி தலையாட்டிக் கேட்டாள், நடுநடுவே ஏதோ சந்தேகமும் கேட்டாள். மூடி இல்லாவிட்டால் மை காய்ந்துபோகும். வெளியே வந்ததும் டீ குடிக்கலாமா என்று கேட்டது அவள்தான். குடித்தார்கள். டீ நன்றாக இருந்தது, சர்க்கரை அளவாக இருந்தது. அதுதான் இன்றைக்கு வரைக்கும் அவரை உறுத்துகிறது. பெண்டாட்டிக்கு இப்படி ஒரு சீக்கு என்று கேட்டுவிட்டு வெளியே வந்த மனுஷனுக்கு டீ நன்றாக இருந்திருக்கிறதே.

ஒரு பக்கம் ஆயிற்றா என்று பார்க்கக் கத்தியைத் தூக்கினார். ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்கத்தில் பிசிர் எழும்பும். கண்ணுக்குத் தெரியாது. முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகக் கட்டைவிரலை மெல்ல வழித்தால் லேசாகப் பிடிக்கும், பிடித்தால் அந்தப் பக்கம் போதும் என்று அர்த்தம். வழித்தார். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்துவிட்டு மறுபடி வழித்தார். தெரியவில்லை. பிசிர் எழும்பவில்லையா, எழும்பியும் விரலுக்குத் தெரியவில்லையா? எதைத் தொட்டாலும் கையுறை போட்டுக்கொண்டு தொடுகிற மாதிரிதான் இருக்கிறது. போன வாரம் அவளுடைய விரலைப் பிடித்தபோதும் அப்படித்தான் இருந்தது. அரசாணிக்காய், அதுதான் மஞ்சள் பூசணி, வெட்டிக்கொண்டிருந்தாள். அரசாணிக்காய்த் தோல் லேசுப்பட்டதா, மொன்னைக் கத்தி இறங்கவில்லை. ஆளையே சாய்த்து அழுத்தியிருக்கிறாள், கத்தி வழுக்கி இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. அலறவில்லை. பால் பொங்குகிறதா பாருங்கள் என்கிற குரலில், ஏனுங்க, சித்த இங்க வாங்க என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் மேடையெல்லாம் ரத்தம். துணியைச் சுற்றி, ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வலது கையால் இவர் வயிற்றைச் சுற்றிப் பிடித்திருந்தாள். அந்தக் கை இவர் வயிற்றின்மேல் ஆடிக்கொண்டே வந்தது. சிக்னலில் சிவப்பு நம்பர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தையல் போட்டார்கள். மொன்னைக் கத்திதான் கையை வெட்டும், தீட்டின கத்தி வெட்டாது என்று எதிர் ஃபிளாட் ரங்கநாதனுக்கு மணிக்கணக்காக வகுப்பெடுத்த ஆள் இவர். ரங்கநாதன் அதைக் கேட்டுக் கல்லே வாங்கிவிட்டார். ஊருக்கு உபதேசம் பண்ணிவிட்டு வீட்டில் அதே மொன்னைக் கத்தியைப் பெண்டாட்டி கையில் கொடுத்திருக்கிறார். அவள் கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அரசாணிக்காயைத்தான் திட்டினாள்.

கத்தியைத் திருப்பிப் போட்டார். சர்ரு, சர்ரு. பிசிர் எழும்பியிருக்கும் என்று ஒரு நம்பிக்கைதான். பிறகு செங்கல் கல்லை ஓரமாக வைத்துவிட்டு வெள்ளைக் கல்லை எடுத்தார். இதில் சத்தம் குறைவு, சோப்புமேல் இழுக்கிற மாதிரி வழவழவென்று போகும். நடுப்பள்ளத்தில் கத்தி தானாக உட்கார்ந்தது. மூலையில் சிவப்பு, அதன்மேல் சாம்பல் கோடுகள். இன்றைக்கும் இழுப்பதா? இழுத்தால் தண்டு கிழியும், அவள் அழுத்துவாள், அழுத்தினால் வழுக்கும். இன்னொரு விரல். இழுக்காவிட்டால் கத்தி சவரக்கத்தி மாதிரி இருக்கும், ஆடுகிற கை, ஒரே ஒரு ஆட்டம் போதும். இன்னொரு விரல், இல்லை மணிக்கட்டு. எந்தப் பக்கம் திருப்பினாலும் வெட்டுகிறது. நானே அரிகிறேன் என்று சொல்லிப் பார்க்கலாம். காலையிலேயே சொல்லிப் பார்த்தார், நீங்க அரிஞ்ச லட்சணத்தைப் பார்த்திருக்கிறேனே என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். கத்தியைக் கீழே போட்டு முனையை ஒடித்துவிடலாம். தண்டை ஃபிரிஜ்ஜில் ஒளித்துவைக்கலாம். ஒளித்துவைத்து? நாளைக்கு வெண்டைக்காய் வரும், நாளன்றைக்கு பீன்ஸ் வரும், அந்தக் கை இன்னும் கொஞ்சம் ஆடும். ஒரு நாள் ஸ்பூன் பிடிக்காது. ஒரு நாள் பட்டன் போடாது. ஒரு நாள் இவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துச் சரிசெய்கிற அந்தக் கை... இதெல்லாம் யாரோ டிவியில் செய்தி வாசிக்கிற மாதிரி அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அழுகை வந்தால் தேவலை. வரவில்லை. சர்ரு. நாணய உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். சர்ரு. தண்ணீர் தெளித்தார். ஹாலில் மட்டை உரிக்கிற சத்தம் எப்போது நின்றதென்று அவர் கவனிக்கவில்லை.

வேலை முடிந்துவிட்டது. இனித் தேய்த்தால் சும்மா தேய்ப்பதுதான். கை தன் வழக்கப்படி கத்தியை நேர்க்குத்தாகத் திருப்பிக் குங்கும மூலைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அவர் நிறுத்தச் சொல்லவில்லை, கைதான் கொண்டுபோனது. அப்படியே நின்றார். இழுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

“அந்தக் கடைசி இழுப்பு இன்னைக்கு வேண்டாமுங்க” என்றாள் துளசிமணி.

சமையலறை வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தாள். இடது கையில் உரித்த தண்டு, வெள்ளைவெளேரென்று. எந்த இழுப்பு என்று கேட்க அவருக்கு வாய் வரைக்கும் வந்தது, அந்த அளவுக்கு வெட்கங்கெட்டவர் இல்லை என்பதால் கேட்கவில்லை. அவளே சொன்னாள். மற்றதெல்லாம் சர்ரு என்று கேட்குமாம், அது மட்டும் கர்ர் என்று கேட்குமாம். ஹாலில் உட்கார்ந்திருக்கிறவளுக்குக் காது என்ன செவிடா என்றாள். கல்லைப் பால்கனியில் காயவைக்கிறவளும் அவள்தானே, தான் வைத்த குங்குமத்தின்மேல் கோடு கோடாக விழுந்திருப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். எப்போதிருந்து என்று கேட்டார். மாசியிலிருந்தே என்றாள். அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

“நீங்க பயந்து கெடந்தீங்க. பயத்தை வெச்சுக்க ஒரு எடம் வேணுமில்லீங்களா, சரி, கல்லுலயே வெச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். இப்ப வெரல்ல தையல் விழுந்துருச்சு பாருங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். கை ஆடுதே புள்ள என்றார் இவர். இத்தனை மாதத்தில் அந்தக் கையைப் பற்றி அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

“சும்மா கெடக்கறப்பத்தான் ஆடும், வேலையில எறங்கீட்டா அடங்கீரும்னு டாக்டர் அத்தனை வாட்டி சொன்னாருங்களே. நீங்க அங்க என்னத்தப் பாத்துட்டு இருந்தீங்க?”

“பேனாவ” என்றார் சென்னியப்பன். “ஒரு பேனாவுக்கு மூடியில்ல.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். சிரிக்கவில்லை. வேலை செய்தால் அடங்கும். அதைத்தான் டாக்டர் சொல்லியிருக்கிறார், இவர் மூடியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அடங்குகிற ஒரே நேரத்தையும் அவள் கையிலிருந்து பிடுங்கி, பாக்கெட் காய் வாங்கிப் போட்டு, சோபாவில் உட்காரவைத்து ஆடவிட்டிருக்கிறார். அட முட்டாளே என்று உள்ளே ஒரு குரல் சொல்லியது, அதுவும் சத்தமாகச் சொல்லவில்லை. கத்தியை மூலையிலிருந்து எடுத்தார். குழாயில் காட்டிச் சேற்றைக் கழுவினார், துணியில் துடைத்தார், வழக்கம்போல மேடையில் வைத்துவிட்டு ஒரு எட்டு விலகி நின்றார். அவள் தண்டைப் பலகைமேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். நீட்டின கை கிரானைட்மேல் பட்டதும் நகம் தடதடவென்று அடித்தது. கைப்பிடி நழுவிக் கத்தி அரைவட்டம் சுற்றியது.

“மேடையில வெச்சா எடுக்கறப்பத்தான் நழுவுது. கையிலயே குடுங்க.”

கைக்குக் கையா என்று அவர் இழுத்தார். சண்டை வரும் என்று அவளே சொல்லுவாளே.

“வந்தா வரட்டும். போடறதுக்கு ஆளு இருக்கறப்பவே போட்டுக்கலாமுங்க.”

முதுகுப்பக்கம் விரலால் கவ்விக் கைப்பிடியை அவள் பக்கமாக நீட்டினார். அவள் பிடித்தாள். பிடித்ததும் அந்த நடுக்கம் இரும்பு வழியாக இவர் விரலுக்கு வந்தது. டாக்டர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது வராதது, ஸ்கூட்டரில் வயிற்றின்மேல் ஆடினபோது வராதது, இப்போது இவ்வளவு அகலக் கத்தி வழியாக வந்து சேர்ந்தது. இவர் விரலும் அதோடு சேர்ந்து ஆடியது. விடுங்க என்றாள். விடவில்லை. அவள் பிடியை இறுக்கினாள், நடுக்கம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை, குறைந்தது. விடுங்கன்னா என்றாள் மறுபடியும். விட்டார்.

முதல் வில்லை தடியாக விழுந்தது. இரண்டாவது ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் மெலிசாகவும் விழுந்தது. அதைப் பார்த்து அவள் உச்சுக்கொட்டிக்கொண்டாள். மூன்றாவது வில்லைக்குக் கத்தி தண்டுக்குள் இறங்கின சத்தமே கேட்கவில்லை, அந்தப் பக்கம் போய்ப் பலகையில் தொட்டபோதுதான் கேட்டது. வில்லைக்கும் தண்டுக்கும் நடுவில் நார் வெள்ளையாக இழுத்துக்கொண்டு நின்றது. சுற்ற இடது கையைத் தூக்கினாள், ஆள்காட்டி விரலில் கட்டு. கட்டைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். விரலை நீட்டச் சொன்னாள். தண்டு கருக்காமல் இருக்க அவள் கலக்கி வைத்திருந்த மோர்ப் பாத்திரத்தைப் பலகை அருகே நகர்த்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்று, பிசிர் தெரியாத அந்தக் கட்டைவிரலை நீட்டினார். அவள் நாரை அதில் மாட்டிச் சுற்றினாள். வெட்டினாள், சுற்றினாள். ஒவ்வொரு வில்லையாக மோரில் விழுந்தது. நார் ஏற ஏற விரல்நுனி சிவந்துகொண்டு வந்தது.

“இறுக்குதுங்களா?” என்று கேட்டாள், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இறுக்குது” என்றார்.